படம் பார்ப்பதும் ஒரு பாடமா?

“சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவ கேப்பா.”

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், என் வீட்டு வாசலில் நின்றபடி ஒரு தந்தை இப்படித்தான் தொடங்கினார். அவருடைய மகள் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவள். இப்போது கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையில் இன்னும் வியர்வை காயவில்லை. மகளுக்குக் கணக்கியல் நன்றாக வருகிறதாம். ஆனால் அவளோ, தான் திரைப்படம் படிக்கப் போவதாகவும், அதற்கு இப்போதே பள்ளியில் ஏதேனும் பாடம் உண்டா என்றும் ஆசிரியர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

“நடிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா ரெண்டு வச்சிருப்பேன் சார். இவ படிக்கப் போறேன்னு சொல்றா. படம் பாக்குறதுல என்னா சார் படிப்பு?”

உள்ளே அழைத்து அமர வைத்தேன். என் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்திருந்தால், ஒரு நொடியும் தயங்காமல் அவர் பக்கம் நின்றிருப்பேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேடையேறி, திரைப்படங்கள்தாம் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, குண்டர் கும்பல்களுக்கு ஆள் சேர்க்கின்றன என்று முழங்கிக் கைத்தட்டல் வாங்கியவன் நான். அதை மறைப்பதற்கில்லை. அந்தப் பேச்சை முற்றிலும் பொய் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப்பின் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்துவிட்டன. அவற்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

முதலாவது 2012-இல் நடந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் ‘தன்கதை’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று உயிரற்ற ஒரு பொருள் தன் வரலாற்றைக் கூறுவதாக எழுதும் கட்டுரை. எங்கு பிறந்தேன், என்ன நிறம், எந்தக் கடையில் எத்தனை ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டேன், என்னை வாங்கியவர் யார், அவருக்கு எப்படி உழைத்தேன், இப்போது குப்பைத்தொட்டியில் எப்படிக் கிடக்கிறேன். இந்த வரிசை மாறக்கூடாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை இந்த வரிசையை எத்தனை நூறு பிள்ளைகளின் தலையில் ஏற்றினேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்த ஆண்டு ‘நான் ஒரு காலணி’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். ஒரு மாணவன் முக்கால் பக்கம் மட்டுமே எழுதியிருந்தான். அதில் பிறந்த இடம் இல்லை, விலை இல்லை. வாங்கியவரின் பெயர்கூட இல்லை. முழுக்க முழுக்கக் கால்கள்தாம். காலையில் தரையைத் தொடும் அம்மாவின் வெடித்த குதிகால், மேசைக்கடியில் ஒட்டியிருக்கும் பழைய மிட்டாய், பள்ளிப் பேருந்துப் படியில் தன்னை மிதித்த இன்னொரு காலணி, கோயில் வாசலில் கழற்றி விடப்பட்டபின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. யாருடைய முகமும் கட்டுரையில் வரவில்லை. காலணிக்கு முகம் தெரியாதல்லவா!

நான் சிவப்பு மையால் ‘கருத்துகள் போதவில்லை. மீண்டும் எழுதுக’ என்று எழுதினேன். அவன் மீண்டும் எழுதினான். இம்முறை தொழிற்சாலையில் பிறந்து, இருபத்தைந்து ரிங்கிட்டுக்கு விலைபோய், ஒழுங்காகக் குப்பைத்தொட்டியில் போய் முடிந்தது. நல்ல மதிப்பெண் போட்டேன்.

இரண்டாவது நிகழ்ச்சி 2015 டிசம்பரில். சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ திரைப்படம் வெளிவந்த நேரம். நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். உள்ளூர்ப் படம்தானே, ஆதரவு கொடுப்போம் என்ற பெருந்தன்மையோடு போய் உட்கார்ந்தேன். 1990-களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், படிப்பில் மகன் உயரவேண்டும் என்று ஏங்கும் தந்தை மணியம், குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா, நடுவே அப்போய் என்கிற பன்னிரண்டு வயதுச் சிறுவன். கற்பனை பொங்கி வழியும் பிள்ளை. அந்தக் கற்பனைக்குப் பள்ளியில் இடமில்லை. ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம் வாயில் ‘ஜகாட்’ ஆகி, கெட்ட பையன் என்று பொருள்படுவது உங்களுக்குத் தெரியும். அப்போயை ஜகாட் ஆக்கியவர்களின் பட்டியலில் வகுப்பறையும் உண்டு.

இருட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் காலணிக் கட்டுரை நினைவுக்கு வந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டபின்னும் நண்பரோடு பேசப் பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2016-இல், அந்தப் படம் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்ததை எதிர்த்துக் குரல்கள் எழுந்து, விதிகள் மாற்றப்பட்டபின் கிடைத்த விருது அது. நாளேடுகளில் படித்து மகிழ்ந்தோம். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்? பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அதைப்பற்றி நான்கு வாக்கியம் பேசத் தெரியும்?

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் நான் சொல்லவில்லை. “பாப்பாவை அடுத்த வாரம் அனுப்புங்கள், பேசிப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் நிம்மதியோடு போனார். அவரை ஏமாற்றிவிட்டதாகவே எனக்குப்பட்டது.

அவள் வந்தாள். அவள் கேட்ட கேள்விக்காக நானும் தேடிப் பார்த்திருந்தேன். நம் நாட்டுச் சாதாரண இடைநிலைப்பள்ளிகளில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் திரைப்படம் என்று ஒரு பாடம் கிடையாது. சில பள்ளிகளில் தொழில்சார் பாடமாகப் பல்லூடகத் தயாரிப்பு உண்டு. அது பெரும்பாலும் கருவியைக் கையாளும் பாடம். கலைப்பள்ளிகளில் இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை உண்டு. ஆனால் அதற்குத் தனியாகத் தேர்வாகிச் செல்லவேண்டும். அனைத்துலகப் பள்ளிகள் சில நடத்தும் ஐ.பி. பட்டயக் கல்வியிலோ திரைப்படம் முழுமையான ஒரு பாடம். அதன் வினாமுறையைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு படத்திலிருந்து ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, 1,750 சொற்களுக்குள் ஆராய்ந்து எழுதவேண்டும். உயர்நிலையில் எடுப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து ஏழு நிமிடத்திற்குள் ஒரு படமும் எடுக்கவேண்டும். ஐந்து நிமிடத்திற்கு 1,750 சொற்கள்! நம் பிள்ளைகள் மூன்று மணிநேரப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: “சூப்பர் சார்.”

பிரான்சில் 1980-களிலிருந்தே மேல்நிலைப்பள்ளிகளில் திரைப்படத்தை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்க முடிகிறது. அதைவிட எனக்கு வியப்பளித்தது தமிழ்நாட்டுப் பாடநூல்தான். 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தமிழ் நூலில் ‘திரைமொழி’ என்றே ஓர் உரைநடைப் பாடம் இருக்கிறது. சுஜாதா, செழியன், அம்ஷன் குமார் ஆகிய மூவரின் எழுத்துகளிலிருந்து தொகுத்தது. மூவரும் திரைத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள். அதே இயலில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் சிலப்பதிகாரமும் வருகின்றன. சிவாஜி கணேசனைப் பற்றி மலையாளக் கவிஞர் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு எழுதிய ‘நடிகர் திலகம்’ வேறு. இந்த அடுக்கைச் செய்தவர் எவரோ, அவருடைய கையைப் பிடித்து ஒரு முறை குலுக்கவேண்டும். நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் உடலில் எப்படித் தோன்றுகின்றன என்று தொல்காப்பியர் கேட்ட கேள்வியும், ஒரு முகத்தை எவ்வளவு நெருக்கத்தில் காட்டவேண்டும் என்று ஒளிப்பதிவாளர் கேட்கும் கேள்வியும் ஒரே கேள்வி என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி அந்த அடுக்கே சொல்லிவிடுகிறது.

அந்தப் பாடத்தைத் தரவிறக்கி அவளிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் மேலும் இருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் ஏழு பேர் ஆனார்கள். எல்லாரும் நான்காம், ஐந்தாம் படிவத்தினர். என் வீட்டுக் கூடம் போதவில்லை. கிள்ளானில் டியூசன் மையம் நடத்தும் நண்பர், சனிக்கிழமை மாலையில் தம் மாடி அறையைத் தருவதாகச் சொன்னார். இப்படித்தான், ஐம்பது வயதைத் தாண்டிய, ஒரு படம்கூட எடுத்தறியாத ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியன் திரைப்பட வகுப்பு நடத்தத் தொடங்கினான். சிரிக்காதீர்கள்.

முதல் வகுப்பிலேயே ஒரு விதி வைத்தேன். முதல் பத்து நிமிடத்திற்கு யாரும் கருத்துச் சொல்லக்கூடாது. சூப்பர், மொக்கை, வேற லெவல் மூன்றும் தடை. என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அதை மட்டும் சொல்லவேண்டும். நம்பினால் நம்புங்கள், இந்தப் பத்து நிமிடம் அவர்களுக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கடினமாக இருந்தது. “ஹீரோ சோகமா இருக்கான்” என்பான் ஒருவன். சோகத்தை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்பேன். விழிப்பான். “தலைய குனிஞ்சிருக்கான்… இல்ல சார், குனியல… லைட்டு பின்னாலேர்ந்து வருது, மொகம் தெரியல.” ஆம், அதுதான்! முகம் தெரியவில்லை. நீயே சோகத்தை அங்கே வைத்தாய்.

சோவியத் ரஷ்யாவில் 1920-ஆம் ஆண்டையொட்டி லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனையை நாங்களும் செய்தோம். ஓர் ஆணின் உணர்ச்சியற்ற முகம். அதற்கடுத்து ஒரு கிண்ணம் சூப். மறுபடி அதே முகம், அதற்கடுத்து ஒரு சவப்பெட்டி. பார்த்தவர்கள் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் கண்டார்களாம். முகமோ ஒன்றே. எங்கள் குழுவில் ஒரு மாணவனை நாற்காலியில் அமர்த்திக் கைத்தொலைபேசியில் ஐந்து விநாடி பதிவு செய்தோம். பிறகு ஒரு நாசி லெமாக் பொட்டலம், காலியான சாய்வு நாற்காலியில் கிடக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி, ஓர் எஸ்.பி.எம். முடிவுத் தாள். மூன்றையும் அவன் முகத்தோடு ஒட்டி, வகுப்புக்கு வராத நண்பர்களுக்கு அனுப்பினார்கள். பசி, தாத்தாவின் நினைவு, அச்சம் என்று பதில்கள் வந்தன. ஒரு பெண், கண்ணாடிக் காட்சியில் அவன் அழுகையை அடக்கிக்கொள்வது நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாள்.

“நான் எப்ப சாப்பிடலாம்னுதான் சார் நெனைச்சிக்கிட்டிருந்தேன்” என்றான் நம் நடிகர்.

அன்று மெய்ப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். மெய்யில் தோன்றாத மெய்ப்பாடு எங்கே தோன்றுகிறது? இரண்டு காட்சிகளை ஒட்டுகின்ற இடத்திலா, பார்ப்பவன் மனத்திலா? எஸ்.பி.எம். தமிழ் இலக்கிய வகுப்பில் இப்படி ஒரு கேள்வியை எழுப்ப எனக்கு ஒருநாளும் வாய்ப்புக் கிடைக்கப்போவதில்லை. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன்தானே.

கலைச்சொற்களில் ஒரு சிறிய சண்டை நடந்தது. ‘க்ளோஸ்-அப்’ என்று எழுதாதீர்கள், அண்மைக்காட்சி என்று எழுதுங்கள் என்றேன். தொலைவிலிருந்து காட்டினால் சேய்மைக்காட்சி. ஒரு மாணவி ‘கிட்டப்பார்வை’ என்று எழுதிக் கொடுத்தாள். அது கண்ணாடிக் கடைக்காரர் சொல்லும் நோயம்மா என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் ‘ஷாட்’ என்ற சொல்லை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் வகுப்பில் அதிகமாக விவாதிக்கப்பட்ட படம் ‘கபாலி’. நம் ஊர்க் கதை என்பதால் மட்டுமன்று. 2016-இல் அது வெளிவந்தபோது, தமிழ்நாட்டில் பார்த்த முடிவும் மலேசியத் திரையரங்கில் நாம் பார்த்த முடிவும் ஒன்றல்ல. கபாலி நடத்தும் பள்ளியில் படித்த ஓர் இளைஞனே துப்பாக்கியோடு அவரை நெருங்குகிறான். திரை இருள்கிறது, வெடிச்சத்தம் கேட்கிறது. பா.இரஞ்சித்தின் படம் அங்கே முடிந்துவிடுகிறது. நமக்குக் காட்டிய வடிவத்திலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று ஓர் எழுத்துக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. தணிக்கையின் விளைவு.

இரு முடிவுகளையும் நான் விவரித்துவிட்டு, எது நல்லது என்று கேட்காமல், எது என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: “சத்தத்தோட முடிஞ்சா, வீட்டுக்குப் போற வரைக்கும் நான்தான் சார் படத்த முடிக்கணும். எழுத்து வந்தா அவங்க முடிச்சிட்டாங்க.” இன்னொருத்தி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எழுத்தை நம்புகிறவர் யார், பக்கத்தில் இருந்தவரும் நம்பவில்லை, நம்பாத ஒரு வரியைத் திரையில் படிக்கும்போது அதுவும் ஒரு காட்சிதான் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பதினாறு வயதுப் பெண்!

நான் கவனித்தது வேறொன்று. சுடவந்தவன் அந்தப் பள்ளியின் மாணவன். அதை எந்த மாணவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஒருவன் மட்டும் அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பை வெளியே நடத்தினோம். கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். தீபக் குமாரன் மேனன் 2007-இல் எடுத்த ‘சலங்கை’, பிரிக்பீல்ட்ஸில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. முந்தைய வாரம் அதன் சில பகுதிகளைப் பார்த்திருந்தோம். துன் சம்பந்தன் சாலையில் நின்று, படத்தில் இல்லாதது இப்போது என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். தோரண வளைவுகள் என்றார்கள். 2010-இல் இப்பகுதி லிட்டில் இந்தியாவாகத் திறப்புவிழா கண்டது; வளைவுகள் அந்தக் காலத்தவை. நூ சென்ட்ரல் பேரங்காடி அதற்கும் பின்னால் வந்தது. கேட்காமலேயே ஒருவன் மறுபக்கத்தையும் எழுதினான். படத்தில் இருந்து இப்போது இல்லாதவை. அந்தப் பட்டியல் நீளமாக இருந்தது. கதைக்காக எடுத்த படம், பிறகு ஊருக்கு ஆவணமாகிவிடுகிறது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் சொன்னது.

மலாய்த் திரைப்படத்தையும் தொட்டோம். பி.ரம்லி முதன்முதலில் திரையில் தோன்றிய ‘சிந்தா’ (1948) படத்தை இயக்கியவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ், அவர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் எல்.கிருஷ்ணன். மாணவர்கள் கைத்தொலைபேசியில் தேடிச் சரிபார்த்தபின்தான் நம்பினார்கள். யாஸ்மின் அகமதின் ‘டேலன்டைம்’ (2009) படத்தின் இறுதியில், ஹஃபிஸை வெறுத்துவந்த கஹோ தன் எர்ஹு வாத்தியத்தோடு மேடையில் அவனருகே வந்து அமரும் காட்சியை இருமுறை போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் ஒரு மன்னிப்பு. அதைப்பற்றி எழுதிய தாள்களைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனஒற்றுமை பற்றி மேடைப் போட்டிகளுக்கு நான் எழுதிக்கொடுத்த உரைகள் எதுவும் அவற்றின் பக்கத்தில் நிற்கா.

ஆகவே திரைப்படத்தைத் தனிப் பாடமாக்க வேண்டும் என்று நான் கொடி பிடிக்கப் போகிறேனா? இல்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் படிக்கவே குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்கவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்டபின்னும் பல இடங்களில் வகுப்பு பள்ளிநேரத்திற்கு வெளியேதான். எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்குமேல் எடுக்கக்கூடாது என்று 2009-இல் அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுவிடும் என்று நாம் பட்ட பாடும், பிறகு ‘பத்துக்குமேல் இரண்டு’ என்று சலுகை கிடைத்ததும் மறக்கக்கூடியவையல்ல. இருக்கின்ற இலக்கியப் பாடத்திற்கே மாணவர் தேடி அலைகிறோம். இந்நிலையில் புதிதாக ஒரு பாடமா!

நான் விரும்புவது சிறிது. தமிழ் இலக்கியப் பாடத்தில் நாவலும் நாடகமும் கவிதையும் இருக்கின்றன. நாடகத்திற்குப் பக்கத்தில் ஒரு திரைப்படமும் இருக்கலாம். நாடகத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் மேடையில் பார்ப்பதே இல்லை, அச்சில் படித்து மனனம் செய்கிறார்கள். படத்தையாவது பார்ப்பார்கள்.

ஆனால் இதை எழுதும்போதே எனக்கு அச்சமும் வருகிறது. பாடமாகிவிட்டால் அடுத்த ஆண்டே வழிகாட்டி நூல் வரும். ‘ஜகாட் திரைப்படத்தின் துணைக்கருப்பொருள்கள் ஐந்தனை எழுதுக.’ அப்போயின் பண்புநலன்கள் நான்கு. தந்தையின் பண்புநலன்கள் மூன்று. ஒரு கூர்மையான மாணவன் ஆறாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால், விடைத்திட்டத்தில் இல்லை என்று ஓர் ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவார். அந்த ஆசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கையெழுத்துகூட என்னுடையதைப் போலவே இருக்கும்.

அந்தத் தந்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மகள் கணக்கியலைக் கைவிடவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கும் தவறாமல் வருகிறாள். பிறகு என்ன செய்வாள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால், அவளை அழைக்க வந்தவர் மாடிக்கு ஏறி வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்தார். ஜகாட்டின் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் மாணவர்கள் வழக்கம்போல் பார்த்ததையும் கேட்டதையும் அடுக்கினார்கள். அவர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். ஆசிரியர் முன் கை உயர்த்தும் பழக்கம் நாற்பது ஆண்டானாலும் போவதில்லை போலும்.

“சார், சத்தம் வருது, ஆனா சத்தம் போடுற ஆள காட்டல. காட்டாமயே எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியுது. நாங்க மேல உக்காந்திருக்கிறப்ப அப்படித்தான் சார். கீழ இருக்கிற கொண்டேனர் கண்ணுக்குத் தெரியாத நேரத்துல சத்தத்த வச்சித்தான் எறக்குவோம்.”

அவ்வளவு நேரம் வாயாடிக்கொண்டிருந்த மற்ற ஆறு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மகள் மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்ததை நான் கவனித்தேன். இது நான் பார்த்தது. பெருமையா வெட்கமா என்று சொல்லமாட்டேன், விதி விதிதான்.

பருவ இறுதியில் ஏழு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். ஒரு நிமிடம், நாற்பது விநாடி. காலணிக் கட்டுரையைப் பற்றி அவர்களிடம் முழுவதும் சொல்லியிருந்தேன், என் சிவப்பு மை உட்பட. கைத்தொலைபேசியை ஒரு பழைய பள்ளிக் காலணியோடு துணிநாடாவால் கட்டினார்கள். கிள்ளான் நிலையத்துப் படிக்கட்டு, கொமுட்டர் கதவு திறக்கும்போது பாய்ந்து வரும் கால்கள், குறுக்கே நடக்கும் ஒரு தெருநாய், கடைசியில் கோயில் வாசல். அங்கே அசையாமல் ஒரு நீண்ட காட்சி. உள்ளே மணி அடிக்கிறது. ஒவ்வொருவராக வந்து தம் காலணிகளை மாட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தக் காலணிக்கு மட்டும் யாரும் வரவில்லை. யாருடைய முகமும் இல்லை.

சென்ற மாதம் தெங்கு கெலானா சாலையில் அந்தக் கட்டுரையை எழுதியவனைத் தற்செயலாகப் பார்த்தேன். இருபத்தைந்து வயதை நெருங்கியிருப்பான். ஒரு கிடங்கில் வேலையாம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து “சார்!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு படபடத்தது. நலம் விசாரித்து முடித்ததும், நான் ஒரு காலணி என்று நீ எழுதினாயே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“காலணியா? நானா சார்?” என்று சிரித்தான். “கட்டுரைல நான் எப்பவுமே வீக்கு சார்.”

நான் கைத்தொலைபேசியை எடுத்து மாணவர்களின் படத்தைப் போட்டுக் காட்டினேன். கடைத்தெரு இரைச்சலில், ஒரு கையில் தலைக்கவசத்தைப் பிடித்தபடி, குனிந்து முழுவதும் பார்த்தான்.

“அந்த நாயோட காலு வர்ற எடம் நல்லாருக்கு சார்” என்றான். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.